வட்ஸ்அப், சிக்னல் குழுக்களில் தனியுரிமையைக் காப்பது எப்படி

வட்ஸ்அப்பும் சிக்னலும் ஒரு செய்தியை அனுப்புபவரின் போனிலேயே பூட்டி, பெறுபவரின் போனில்தான் திறக்கின்றன. நடுவில் எவராலும் அதைப் படிக்க முடியாது. குழுச் செய்திகள் வெளியே போவது பெரும்பாலும் அந்தப் பூட்டு உடைந்து அல்ல: யாரோ பகிர்ந்த குழு அழைப்பு இணைப்பு, யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷொட், பூட்டாமல் கிடக்கும் பேக்கப் (செய்திகளின் சேமிப்புப் பிரதி), எங்கோ திறந்தபடி விட்டுவந்த கணினி. நூறு பேர் குழுவில் கவனமில்லாத ஒரு போன் இருந்தாலே போதும்.

தொடர்மாடித் தண்ணீர்ப் பிரச்சினைக்கும் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கும் வட்ஸ்அப் போதும். தொழிற்சங்கம், ஊடகவியலாளர்கள், வீட்டு வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவுவோர் என்றால் சிக்னலுக்கு மாறுங்கள். முதல் காரணம் தொலைபேசி இலக்கம். சாதாரண வட்ஸ்அப் குழுவில் உங்கள் இலக்கம் எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் அந்த இலக்கம் அடையாள அட்டையோடு பதிவாகியிருக்கிறது. சிக்னலில் பதிவுசெய்ய இலக்கம் வேண்டும், ஆனால் 2024 முதல் பயனர் பெயரை மட்டும் கொடுத்துப் பழகலாம். செட்டிங்ஸ், பிரைவசி, போன் நம்பர் என்று போய், இலக்கத்தை யார் பார்க்கலாம், இலக்கத்தை வைத்து யார் தேடலாம் என்ற இரண்டுக்கும் 'நோபடி' கொடுங்கள். ஏற்கெனவே உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவர்களிடமிருந்து இது மறைக்காது. இன்னொன்று, குழுவின் பெயரும் உறுப்பினர் பட்டியலும் சிக்னல் நிறுவனத்துக்கே தெரியாதபடி பூட்டப்பட்டவை.

டெலிகிராமை இந்த வேலைக்கு நம்பவேண்டாம். அதன் குழுக்களுக்கு இந்தப் பூட்டே கிடையாது. இருவருக்கு இடையிலான 'சீக்ரெட் சட்'டுக்கு மட்டும்தான் உண்டு. வைபரில் சாதாரண குழுவுக்கு உண்டு, 'கொம்யூனிட்டி' எனும் பெருங்குழுவுக்கு இல்லை.

நீங்கள் அட்மின் என்றால் முதலில் கவனிக்கவேண்டியது குழு அழைப்பு இணைப்பு. அது கையில் கிடைத்த எவரும் உள்ளே வரலாம். 2020இல் பல வட்ஸ்அப் குழு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே அகப்பட்டன. காரணம், யாரோ அவற்றைப் பொதுவெளியில் போட்டிருந்தார்கள். புதியவர்களை அட்மின் அனுமதித்த பின்பே சேர்க்கும் தெரிவைப் போட்டு வையுங்கள். ஆட்களைச் சேர்த்து முடிந்ததும் 'ரீசெட் லிங்க்' அழுத்துங்கள், பழைய இணைப்பு செத்துவிடும். ஆனால் அதற்குள் நுழைந்தவர்கள் உள்ளேயே இருப்பார்கள். ஆகவே பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்து, யாருக்கும் தெரியாத இலக்கத்தை நீக்குங்கள். நீக்கப்பட்டவர் போனில் பழைய செய்திகள் அப்படியே இருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

உங்கள் கொன்டாக்ட்ஸில் இல்லாதவர்கள் உங்களைக் கேட்காமல் வட்ஸ்அப் குழுவில் சேர்க்காதிருக்க: செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ், 'மை கொன்டாக்ட்ஸ்'.

பேக்கப்பைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. வட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுட்டுக்கோ போகும்போது, நீங்களாகப் போடாவிட்டால் அதற்கு செய்திகளுக்கு உள்ள அந்த முனைக்கு முனை (எண்ட் டு எண்ட்) பூட்டு இல்லை. சட்ஸ், சட் பேக்கப், 'எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்' என்று போய்ப் போடுங்கள். கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கேட்கும். தொலைத்தால் வட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். நீங்கள் ஒருவர் செய்து பயனில்லை, குழுவில் எல்லோரும் செய்யவேண்டும். அதனால் குறித்த காலத்தில் தானாக அழியும் 'மறையும் செய்திகள்' தெரிவையும் போடுங்கள்: 24 மணி, 7 நாள், 90 நாள் என்று வட்ஸ்அப்பில் உண்டு. இது ஸ்கிரீன்ஷொட்டைத் தடுக்காது. பழைய குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிரின்ட் எடுக்கக் கடைக்குப் போகிறீர்கள். கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து, கியூஆரை ஸ்கேன் பண்ணி, பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். 'லொக் அவுட்' செய்யவில்லை என்றால் அந்தத் திரையில் உங்கள் குழுக்கள் அத்தனையும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இப்போதே 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து பாருங்கள், உங்களுடையதல்லாத எதையும் வெளியேற்றுங்கள். அடுத்தமுறை கோப்பைக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

கணக்குத் திருட்டு பெரும்பாலும் குழுவுக்குள்ளிருந்தே வரும். தெரிந்தவர் பெயரில் "தவறுதலாக உங்களுக்கு ஒரு 6 இலக்கக் குறியீடு வந்திருக்கும், அனுப்புங்கோ" என்று செய்தி வரும். அவர் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். குறியீட்டைக் கொடுத்தால் உங்கள் கணக்கும் போகும், அடுத்து உங்கள் பெயரில் காசு கேட்பார்கள். அக்கவுண்ட் பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு 6 இலக்கப் பின் (PIN) வைத்தால், குறியீடு மட்டும் கிடைத்தவரால் நுழைய முடியாது. களவு போய்விட்டால் உங்கள் போனில் அதே இலக்கத்தை மீண்டும் பதிவுசெய்யுங்கள். எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் அந்தக் கணக்குக்குப் பின் (PIN) வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் பிடிக்கும். அதுவரை அட்மின் அந்த இலக்கத்தைக் குழுவிலிருந்து நீக்கிவைக்க வேண்டும், மற்றவர்களுக்குக் குரல் அழைப்பில் சொல்லவேண்டும்.

வெளிநாடு போனவர்களின் இலங்கை இலக்கங்களையும் பாருங்கள். ரீலோட் போடாமல் விட்ட சிம் செயலிழந்து, அந்த இலக்கம் வேறொருவருக்குப் போகலாம். அவர் வட்ஸ்அப் போட்டால் குழுவுக்குள்ளும் வந்துவிடக்கூடும். போகிறவர் சிம்மை விடுவதற்கு முன்பே 'சேஞ்ச் நம்பர்' மூலம் புது இலக்கத்துக்கு மாறவேண்டும். மாறாதவரை அட்மின் நீக்கிவிட்டு, புது இலக்கத்தில் அவர் குரலைக் கேட்டு உறுதிசெய்த பின் மீண்டும் சேர்க்கலாம்.