பிளானில் கட்டில், பீரோ போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் வீட்டு பிளான் போடும்போது சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் வரைந்து முடித்தபின், கடைசி அரைமணி நேரத்தில் கட்டிலையும் சோபாவையும் அள்ளித் தெளித்துவிட்டு பிரிண்ட் எடுப்பது பலருடைய வழக்கம். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன். அறை வெறிச்சோடித் தெரிகிறதே, ஒரு கட்டில் போடுவோம், அவ்வளவுதான். உண்மையில், அந்த அறையில் ஆள் புழங்க முடியுமா என்று காட்டிக்கொடுக்கும் அளவுகோலே அந்தக் கட்டில்தான். அதன் அளவு பொய்யாக இருந்தால், அறை பத்தாது என்பது சாமான் வந்து இறங்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

முதல் தொல்லை யூனிட். மில்லிமீட்டரில் வரைந்த கட்டில் பிளாக்கை (ஒரே பொருளாகச் சேர்த்துவைத்த வரைபடத்தை) அங்குலக் கணக்கில் இருக்கும் டிராயிங்கில் கொண்டுவந்தால், 2032 மில்லிமீட்டர் மெத்தை 2032 அங்குலமாகிவிடும். அதாவது 51 மீட்டருக்கும் மேல். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இன்ஸ்யூனிட்ஸ் என்ற யூனிட் செட்டிங் பிளாக்கிலும் டிராயிங்கிலும் சரியாக இருந்தால் ஒரு அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்ற கணக்கை மென்பொருளே போட்டுக்கொள்ளும். இணையத்திலிருந்து இறக்கிவைத்த பிளாக்குகள் பலவற்றில் அது யூனிட் இல்லாமலோ, தப்பான யூனிட்டிலோ இருக்கும்.

ஆனால் 51 மீட்டர் கட்டில் ஆபத்தில்லை. திரையைத் தாண்டிப் போவதால் உடனே பிடிபட்டுவிடும். ஆபத்து அதற்கு அடுத்த நிமிடத்தில் வருகிறது. அளவை மாற்றும் ஸ்கேல் கமாண்டைப் போட்டு, மவுஸை இழுத்து, ‘ம்... இப்போ சரியா இருக்கு’ என்று கண் அளவில் நிறுத்துகிறோமே, அங்கே. அந்தக் கட்டிலின் நீளம் 1780 ஆக இருக்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஸ்கேலில் ரெஃபரன்ஸ் என்ற வழி இருக்கிறது. மெத்தையின் ஒரு ஓரத்தை இரண்டு புள்ளியாகக் காட்டி, நிஜ நீளத்தை டைப் செய்தால் போதும். அப்புறம் தூரம் அளக்கும் டிஸ்ட் கமாண்டைப் போட்டு அகலத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். நீளம் சரியாகி அகலம் ஒத்துவராவிட்டால், அந்த பிளாக்கே வேறு மாடல். அகலத்தை மட்டும் தனியாக நசுக்கிப் பொருத்தாதீர்கள்.

ஒரு படுக்கையறையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளானில் செங்கல் சுவருக்குச் சுவர் 3000 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் பூச்சு வந்தால் மீதி 2976. குயின் மெத்தை 1524 அகலம். கட்டில் சட்டத்தோடு 1650 என்று வைத்துக்கொள்வோம். பக்கச் சுவரில் 600 ஆழத்தில் துணி அலமாரி. எல்லாம் போக மிச்சம் 726. கட்டிலை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டால், உள்பக்கம் படுப்பவர் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். சரி, நடுவில் போடலாம் என்றால் பக்கத்துக்கு 363 மில்லிமீட்டர். 450 அகலமுள்ள அலமாரிக் கதவு பாதியிலேயே கட்டிலில் இடித்து நின்றுவிடும். இதே அறையில் 1300 அகலத்துக்குச் சுருங்கிப்போன கட்டில் பிளாக்கைப் போட்டுப் பாருங்கள். பிளான் அம்சமாகத் தெரியும்!

இங்கே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. சாமானை அசையாத பெட்டியாக வரைகிறோம். ஆனால் கதவு திறக்கும், டிராயர் வெளியே வரும், நாற்காலி பின்னால் போகும். சாப்பாட்டு மேசைக்கடியில் நாற்காலிகளை ஒழுங்காகத் தள்ளிவைத்து வரைந்தால் அறை தாராளமாகத் தோன்றும். மேசை விளிம்பிலிருந்து சுவர்வரை சுமார் 900 மில்லிமீட்டராவது இல்லாவிட்டால் ஆள் எழுந்து வெளியே வருவது சிரமம். நான் இப்போது திறந்த கதவு, இழுத்த நாற்காலி எல்லாவற்றையும் புள்ளிக்கோட்டில் தனி லேயரில் (தனியாக மறைத்துக் காட்டக்கூடிய அடுக்கில்) வரைந்துவிடுகிறேன். பிரிண்டில் அது வராது. எனக்கு மட்டும் தெரியும். அறைக்கதவு திறக்கும் வளைவுக்குள் பீரோ மூலை நுழைந்திருப்பது அப்படித்தான் ஒருமுறை கண்ணில் பட்டது.

அடுத்து லேயர். பர்னிச்சர் லேயரை ஆஃப் செய்தபின் கட்டில் மறைந்து தலையணை மட்டும் அந்தரத்தில் மிதப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பிளாக்குக்குள் தலையணை வேறு லேயரில் இருக்கிறது என்று அர்த்தம். ஆஃப் செய்யாமல் ஃப்ரீஸ் செய்தால் முழு பிளாக்கும் மறைந்துவிடும், ஆனால் அது தற்காலிக வைத்தியம். பிளாக்கின் உள்ளே எல்லாக் கோடுகளையும் 0 லேயரில், கலரும் கோட்டுத் தடிமனும் பைலேயர் (லேயரில் உள்ளபடி) என்று வைத்துவிட்டால், எந்த லேயரில் இன்சர்ட் செய்கிறோமோ அதன் குணத்தை பிளாக் எடுத்துக்கொள்ளும். தடிமனில் சுவருக்கு 0.35 முதல் 0.5 வரை, பர்னிச்சருக்கு 0.13 அல்லது 0.18 மில்லிமீட்டர் போதும். சோபாவும் சுவரும் ஒரே தடிமனில் வந்தால் எது கட்டுமானம், எது சாமான் என்று வேலைத் தளத்தில் இருப்பவர் தடவிக்கொண்டிருப்பார்.

கோபத்தில் பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனிக் கோடுகளாக உடைக்காதீர்கள். பிளாக்காக இருக்கும்வரை ஒரு நாற்காலியைத் திருத்தினால் அந்தப் பெயரிலுள்ள எல்லா நாற்காலியும் திருந்தும். பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது: வேறு டிராயிங்கிலிருந்து ‘சேர்’ என்ற பிளாக்கை ஒட்டும்போது, இங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பழையதுதான் வந்து உட்காரும். புது நாற்காலி எங்கே போனது என்று நான் ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். பெயரிலேயே அளவையும் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் அநேகமாக வராது.

கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றும் மிரர் கமாண்டில் கவனம் தேவை. எல் வடிவ சோபாவைத் திருப்பிப்போட்டால் திரையில் அதே சோபாதான். ஆர்டர் கொடுக்கும்போது அது வேறு பொருள். நீளக்கை இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மாறிவிட்டது.

கடைசியாக, சாமான் உள்ளே வரும் வழி. கணினியில் அலமாரியைச் சுவர் வழியாகவே இழுத்து அறைக்குள் போட்டுவிடலாம். நிஜத்தில் அது வாசல், படிக்கட்டுத் திருப்பம், நடைவழி எல்லாம் கடந்து வரவேண்டும். 900 கதவு என்று எழுதியிருந்தாலும், நிலைச்சட்டமும் திறந்து நிற்கும் கதவுப் பலகையும் போகக் கிடைக்கும் வழி அதைவிடக் குறைவு. அதனால் பெரிய பிளாக்குகளை ஒருமுறை வாசலிலிருந்து மூவ், ரொட்டேட் செய்துகொண்டே அறைவரை கொண்டுபோய்ப் பார்ப்பேன். எந்தத் திருப்பத்திலாவது சுவரில் இடித்தால், அந்த அலமாரி இரண்டு துண்டாக வரவேண்டும் என்று பிளானிலேயே எழுதிவிடுகிறேன்.