ஆடு, மாடு நிற்கிற வீட்டில் நாய் வளர்ப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தோப்புக் காவலுக்கு என்று சிப்பிப்பாறை நாயோ கன்னி நாயோ வாங்கிக் கட்டுகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டுமே முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், எது ஓடினாலும் துரத்தத்தான் தோன்றும். முதல் துரத்தலே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை, ஏனென்றால் ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் மறக்க வைப்பது பெரும்பாடு.

குட்டியிலேயே கயிற்றில் பிடித்துக்கொண்டு பட்டிக்கு இருபது அடி தள்ளி உட்காருங்கள், பத்து நிமிஷம் போதும். தலையைத் தாழ்த்தி, வாலை விறைத்து, ஒரே ஆட்டை வெறித்துப் பார்க்கிறதா? அந்த நொடியிலேயே பெயர் சொல்லித் திருப்புங்கள், பாய்ந்த பிறகு கத்திப் பிரயோஜனம் இல்லை. நம்மைத் திரும்பிப் பார்த்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுங்கள். நாள்போகப் போகக் கிட்டே போகலாம். ஆட்டுக்குட்டி, கோழிக்குஞ்சோடு தனியாக மட்டும் விடவே வேண்டாம்.

எங்கள் மணி இரண்டு வருஷம் எங்கள் வெள்ளாட்டை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அறுப்பு முடிந்து, உரத்துக்காக வயலில் ராத்திரி செம்மறிகளை அடைத்துக் கிடை போட்டிருந்தபோது ராத்திரி அவிழ்த்து விட்டது என் தப்பு, தெருநாய் இரண்டோடு சேர்ந்து போய் ஒரு செம்மறியைக் கடித்துவிட்டது. மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, கழுத்து மயிரை விலக்கினால் நாலு பல் ஓட்டை, விரல் நுனி போகிற ஆழம். கிடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் கிடை இருக்கிற நாட்களில் இருட்டினால் நாயைக் கட்டிவிடுங்கள்.

ஆடு மாட்டை எந்த நாய் கடித்தாலும் கையுறை போட்டு, மயிரைக் கத்தரித்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், கடிபட்ட ஆடு மாட்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. மாடு எச்சில் ஒழுக விட்டு விழுங்க முடியாமல் நின்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள், அது வெறிநோயாகவும் இருக்கலாம். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி அடுத்தது, பிறகு வருஷா வருஷம்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். ஆடு உரிக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்தால் நாய்க்குத் தூக்கிப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். அதைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை மலத்தோடு வந்து புல்லில் ஒட்டி ஆட்டுக்கும், கை வழியாக நம் ஈரலுக்கும் வரும். மற்ற கறிக்கழிவை வேக வைத்துப் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்பூச்சி மருந்தும் கொடுங்கள். வைக்கோல் படப்பில் நாய் படுத்து அசுத்தம் பண்ண விடக்கூடாது, அதனாலும் மாட்டுக்குச் சினை கலைகிற நோய் வருகிறது.

கன்று ஈன்ற பசு பக்கத்தில் நாயே வேண்டாம், எவ்வளவு சாதுவான பசுவும் முட்டிவிடும். நஞ்சுக்கொடி விழுந்ததும் நாய் வாய் வைப்பதற்குள் எடுத்துவிடுங்கள், அந்தச் சினை கலைகிற நோய் நாய்க்குத் தொற்றுவது இதைத் தின்றும்தான். எங்கள் அப்பத்தா அதை வைக்கோலோடு சாக்கில் கட்டி, கண்மாய்க்கரை ஆலமரத்தில் நாய்க்கு எட்டாத கிளையில் தொங்கவிடச் சொல்லும். நாங்கள் இப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.