புதியவர் வாசலோடு திரும்பிவிடுவது ஏன்? பெங்களூரு ஆலயங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 தேர்ப்பவனி வரை வருகிற கூட்டத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் அப்படித்தான். முன்னால் போகிறவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும் என்பதால் அங்கே யாருக்கும் கூச்சமில்லை. நாற்பது, ஐம்பது குடும்பங்கள் கூடும் தெருக்கோடி ஆலயத்தில் நிலைமை தலைகீழ். புதிதாக வந்தவரை எல்லாரும் பார்ப்பார்கள், என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

முதல் கோளாறு பலகையில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று ஆராதனை நடக்கும். பலகையிலோ ‘ஞாயிறு 7.00, 8.30, 10.30’ என்று மட்டும் இருக்கும். மொழி தெரியாத ஆராதனையில் மாட்டிக்கொண்டவர் பாதியில் எழவும் முடியாமல் நெளிவார். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே மொழியை அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சேருங்கள். கிறிஸ்துமஸுக்கு மாற்றிய நேரம் கூகுள் மேப்பில் பிப்ரவரி வரை அப்படியே கிடப்பதும் வழக்கம்தான்.

செருப்பு அடுத்தது. தமிழ் வழிபாட்டில் பல இடங்களில் கழற்றிவிட்டு நுழைவார்கள், ஆங்கில ஆராதனையில் ஷூவோடு போவார்கள். ஸ்டாண்ட் கதவுக்கு வெளியே கண்ணில் படும்படி இல்லையென்றால், பாதி தூரம் போன பிறகுதான் மற்றவர் வெறுங்காலைக் கவனிப்பார் புதியவர். ஆண்கள், பெண்கள் தனித்தனிப் பக்கம் என்ற வழக்கம் இருந்தால் அதையும் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாசலில் நிற்பவர் கேட்கும் ‘எந்த ஊரு?’ சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். திருநெல்வேலி என்றால் எந்தக் கிராமம், பிறகு யார் வீட்டுப் பிள்ளை என்று அது எங்கே போய் நிற்கும் என்பது தமிழருக்குத் தெரியும். சாதியைத் துழாவும் கேள்வி அது. பெங்களூருக்கு ரயிலேறி வந்தும் விடவில்லை. ‘வாங்க, இங்க உட்காரலாம். பாட்டுப் புத்தகம் இந்தாங்க, எட்டேகாலுக்கு முடிஞ்சிடும்’ என்றால் போதும். எழுந்து நிற்கச் சொல்லி மைக்கைக் கையில் திணிப்பதும், முதல் நாளே போன் நம்பர் கேட்பதும் வேண்டாம்.

அதிகச் சங்கடம் நற்கருணை நேரத்தில்தான், அதாவது இயேசுவின் உடலாக நம்பப்படும் அப்பத்தை வழங்கும் நேரத்தில். கத்தோலிக்க ஆலயத்தில் வரிசையைப் பார்த்ததும் பிரசாதம் என்று நினைத்து எழுந்து வருவார்கள். சிலர் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமென்று அங்கேயே உட்கொள்ள வேண்டிய அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார்கள். பின்னாலேயே ஒருவர் ஓட வேண்டிவரும். எல்லார் முன்னிலும் ‘நீங்க கத்தோலிக்கரா?’ என்று கேட்பது அதைவிட மோசம். வரிசை தொடங்கும் முன்பே, கோபமில்லாத குரலில், இவ்வளவு சொல்லுங்கள்: ‘முதல் நற்கருணை பெற்ற கத்தோலிக்கர்கள் மட்டும் நற்கருணை வாங்க வரலாம். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே ஜெபிக்கலாம்.’ பங்குத்தந்தை சம்மதித்தால், கைகளை மார்பில் குறுக்காக வைத்து வந்து ஆசீர் பெறலாம் என்றும் சேர்க்கலாம். பெஞ்சு பெஞ்சாக எழுப்பி அனுப்பும் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை: உட்கார்ந்தே இருப்பவரைக் கையசைத்துக் கிளப்பாதீர்கள், முழங்காலை ஒதுக்கி வழிவிட்டால் போதும். மற்றச் சபைகளில் இதைத் திருவிருந்து என்பார்கள், முறையும் வேறுபடும். சபைப் போதகரிடம் கேட்டு அதற்கேற்ப அறிவியுங்கள்.

வாசகத்துக்கு ‘1 கொரிந்தியர் 13’ என்று மட்டும் சொன்னால் புதியவர் முதல் பக்கத்திலிருந்து தேடுவார். பெஞ்சில் ஒரே பதிப்பு வேதாகமத்தை வைத்துப் பக்க எண்ணைச் சொல்லுங்கள்.

சாய்தளம் என்ற பெயரில் படிமேல் பலகை போடுவது ஆபத்து. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 15 செ.மீ. உயரப் படிகள் மூன்று இருந்தால் 5.4 மீட்டர். அதைவிடக் குறைத்தால் சக்கர நாற்காலி பின்னால் சரியலாம், தள்ளுகிறவரும் சேர்ந்து விழலாம். கதவு 90 செ.மீ. திறக்க வேண்டும், இரட்டைக் கதவில் ஒரு பக்கத்தைத் தாழிட்டே வைத்திருந்தால் சாய்தளம் கட்டியும் பயனில்லை.

ஆராதனை முடிந்து டீ கொடுக்கும்போது சொந்தக்காரர்கள் எல்லாம் வட்டம் கட்டி நின்றுவிடுவார்கள், புதியவர் பேப்பர் கப்போடு சுவரோரம் நிற்பார். முதல் பத்து நிமிடம் உறவுக்காரர்களோடு பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு, வாரத்துக்கு இரண்டு பேரை முறை வைத்து நிறுத்துங்கள். நிபந்தனையை முதலில் மீறுவது கமிட்டிக்காரர்களாகத்தான் இருக்கும், ஆகவே அவர்களுக்கு அந்த முறை வேண்டாம்.