ஒரு விதை நம்பரில இருந்து கோள் குடும்பம் முளைக்க வைக்கிறது எப்பிடி

அக்கான்ர மகன் ஏஎல் மற்ஸ் படிக்கிறவன், போன மாசம் லப்ரொப்பையும் தூக்கிக்கொண்டு வந்து "மாமா நான் ஒரு ஸ்பேஸ் சிமுலேட்டர் செய்யிறன், கோள் எல்லாம் தானா உருவாகும் பாருங்கோ" எண்டான். பாத்தால் நட்சத்திரத்துக்கு முட்டினமாதிரி ஒரு ஐஸ் கோள், அங்கால கொதிக்கிற எரிமலைக் கோள், வியாழன் சைஸில ரண்டு ஒண்டை ஒண்டு உரசிக்கொண்டு போகுது. தூரத்துக்கு றாண்டம், பருமனுக்கு றாண்டம், வெப்பநிலைக்கும் றாண்டம் போட்டு வச்சிருக்கிறான். கன பேர் விடுற பிழைதான் இது, அதால அவனுக்குச் சொன்னதை அப்பிடியே இதில எழுதிவிடுறன். றாண்டம் உருட்டுறது நாலைஞ்சு இடத்தில மட்டும்தான், மிச்சம் எல்லாம் கணக்கில இருந்து வரோணும்.

முதல் விதை, அதாவது சீட் நம்பர், றாண்டம் நம்பர் வரிசை தொடங்கிற நம்பர். ஒரே விதை போட்டால் எப்பவும் ஒரே வானம்தான் வரோணும், அப்பதான் ஒண்டையும் சேமிச்சு வைக்காமல் லட்சக்கணக்கில நட்சத்திரம் காட்டலாம். 1984ல வந்த எலீட் கேம் 8 கலக்ஸி, ஒவ்வொண்டிலயும் 256 நட்சத்திரம் எண்டு 32 கேபி மெமறி இருந்த கொம்பியூட்டரில ஓடினது இந்த வித்தையாலதான். நீங்கள் நட்சத்திரத்தின்ர எக்ஸ், வை, இஸட் ஆள்கூறையும் ஒரு மாஸ்டர் நம்பரையும் சேர்த்து ஹாஷ் பண்ணி, அதாவது எல்லாத்தையும் கலக்கி ஒரே நம்பராக்கி, அதை விதையா எடுங்கோ. பைதன் மொழியில செய்யிற ஆக்கள் கவனம், அதில சும்மா கிடக்கிற ஹாஷ் ஃபங்ஷன் எழுத்துக்களுக்கு ஒவ்வொருக்கா புரோகிராம் ஓடேக்கையும் வேற வேற நம்பர் தரும், அதால எப்பவும் ஒரே விடை தாற ஷா-256 மாதிரி ஹாஷ் ஒண்டைப் பாவியுங்கோ.

அதோட ஒவ்வொரு கோளுக்கும், கோளுக்குள்ள ஒவ்வொரு விசயத்துக்கும் தனித்தனி விதை குடுங்கோ. நான் இது தெரியாமல் ஒரே றாண்டம் வரிசையில எல்லாத்தையும் எடுத்துக்கொண்டிருந்தன், ஒருநாள் வளையத்துக்கு நிறம் வேணும் எண்டு நடுவில ஒரே ஒரு றாண்டம் கூடப் போட்டன், அதுக்குப் பிறகு வாற எல்லா நம்பரும் ஒரு இடம் தள்ளிப்போய், ரண்டு கிழமை தேடிப் பிடிச்சுப் பேர் வச்ச நீலக்கோள் ஒண்டு காணாமலே போட்டுது. இண்டைக்கும் அதை நினைச்சால் விசர் வரும்.

பிறகு நட்சத்திரம். இதில உருட்டவேண்டியது திணிவு ஒண்டுதான். ஆனா சமனா உருட்டாதேங்கோ, உண்மையான வானத்தில 100க்கு 75 போல சிவப்புக் குள்ளன் எண்ட சின்ன நட்சத்திரம், சூரியன் மாதிரியானது 7, 8தான். கசூரினா பீச்சில மல்லாந்து படுத்து எவ்வளவு பாத்தாலும் அந்தச் சிவப்புக் குள்ளன் ஒண்டுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல், அதாலதான் ஆக்கள் அதை மறந்துபோயிடுகினம். திணிவு வந்தால் ஒளிர்வு வரும், சூரியனை 1 எண்டு வச்சு திணிவின்ர 3.5ஆம் அடுக்கு எடுங்கோ. அரைச் சூரியன் எண்டால் ஒளிர்வு 0.088தான். அதின்ர வர்க்கமூலம் 0.3 போல வரும், இந்த நம்பரைப் பத்திரமா வையுங்கோ. இதை 0.95ஆலயும் 1.37ஆலயும் பெருக்கினால் தண்ணி திரவமா நிக்கக்கூடிய வலயத்தின்ர ரண்டு கரையும் வரும், 2.7ஆல பெருக்கினால் பனிக்கோடு வரும், அதுக்கு அங்கால தண்ணி ஐஸாத்தான் கிடக்கும். அலகு ஏயூ, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்.

இனி கோள்களை வைக்கலாம். உள்ளுக்க ஒண்டைப் போட்டுட்டு அடுத்தது 1.4க்கும் 2க்கும் இடையில ஒரு மடங்கு தள்ளி, அடுத்தது இன்னொரு மடங்கு தள்ளி எண்டு போங்கோ. எங்கட குடும்பத்திலயும் புதனில இருந்து வெள்ளி 1.87 மடங்கு, வெள்ளியில இருந்து பூமி 1.38 மடங்கு, வியாழனில இருந்து சனி 1.84 மடங்கு. பனிக்கோட்டுக்கு உள்ள கல்லுக்கோள், வெளியில வாயுக்கோள், ஏனெண்டால் அங்க தண்ணி ஐஸாகிறதால கரு கெதியாப் பெருத்து ஐதரசனை இழுத்துப்போடும். ஆனா இதைச் சட்டமாப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, 1995ல கண்டுபிடிச்ச 51 பெகாசி பி வியாழன் மாதிரி பெரிசு, நட்சத்திரத்தை 4.2 நாளில சுத்துது. நூறில ஒண்டுக்கு அப்பிடிக் குழப்படி ஒண்டு வந்தால்தான் வடிவு.

வச்சாப் பிறகு சண்டை வருமோ எண்டு பாக்கோணும். பக்கத்துப் பக்கத்து ரண்டு கோளின்ர திணிவையும் கூட்டி, நட்சத்திரத் திணிவின்ர மூண்டு மடங்கால பிரிச்சு, கனமூலம் எடுத்து, ரண்டு தூரத்தின்ர சராசரியால பெருக்குங்கோ, அதுதான் ரண்டுக்கும் பொதுவான ஹில் ஆரை, நட்சத்திரத்தை விடக் கோளின்ர ஈர்ப்பு மேலோங்கி நிக்கிற தூரத்தின்ர அளவு. இடைவெளி இதின்ர 3.5 மடங்குக்குக் குறைஞ்சால் கட்டாயம் ஒண்டைத் தூக்குங்கோ, கனக்கக் கோள் இருந்தால் 10 மடங்கு விட்டால்தான் நிம்மதி.

வெப்பநிலைக்கு 278ஐ ஒளிர்வின்ர நாலாம் மூலத்தால பெருக்கி தூரத்தின்ர வர்க்கமூலத்தால பிரியுங்கோ, கெல்வினில வரும். வெளிச்சத்தைத் தெறிக்க விடுறதையும் கழிச்சால் பூமிக்கு 255 வரும், உண்மையில 288, அந்த 33ஐக் குடுக்கிறது காத்து மண்டலம், அதால அதைப் பிறகு தனியாக் கூட்டோணும். சுத்துற காலத்துக்கு கெப்ளர், தூரத்தின்ர மூண்டாம் அடுக்கை நட்சத்திரத் திணிவால பிரிச்சு வர்க்கமூலம், விடை பூமி வருசத்தில வரும். அரைச் சூரியனில 0.35 ஏயூவில இருக்கிற கோளுக்கு வருசம் 107 நாள்.

இவ்வளவும் சரியாச் செய்தும் கோள் ஸ்கிரீனில நடுங்குது எண்டு மருமகன் திரும்ப வந்தான். தூரத்தை மீற்றரில 32 பிட் ஃபுளோட்டில, அதாவது குறைஞ்ச துல்லியமான தசம நம்பரில வச்சிருக்கிறான். ஒரு ஏயூ தூரத்தில அந்த நம்பரின்ர ஒரு படி, அதாவது ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி, 16 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்தில நிக்கிறவன் அடுத்த அடி வைச்சால் கிட்டத்தட்ட சாவகச்சேரிதான், நடுவில நிக்க இடமில்லை. கணக்கெல்லாம் 64 பிட்டில வையுங்கோ, அதில ஒரு படி மில்லிமீற்றரிலும் குறைவு, வரையேக்க மட்டும் கமராவை நடுப்புள்ளியா வச்சுக் கழிச்சு 32 பிட்டுக்கு மாத்துங்கோ.

அவன் இப்ப சந்திரன்களில நிக்கிறான். கோளின்ர ஹில் ஆரையில மூண்டில ஒரு பங்குக்கு உள்ளயும் கோளின்ர ஈர்ப்பு சந்திரனைப் பிய்ச்சுப்போடுற ரோஷ் எல்லைக்கு வெளியிலயும் வையடா, ரோஷ் எல்லைக்கு உள்ள விழுகிறதை உடைச்சு வளையமாக்கிவிடு எண்டு சொல்லி விட்டிருக்கிறன், வளையத்தின்ர நிறத்துக்குத் தனி விதையோட.