பழுப்பு மை தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபவுண்டன் பேனாவுக்கு நீல மை வாங்குபவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. மெல்லிய நிப்பில் எழுதினாலும் தடித்த நிப்பில் எழுதினாலும் நீலம் நீலமாகவே தெரியும். பழுப்புக்கு அந்த உறுதி கிடையாது. பழுப்பு வானவில்லில் இல்லாத நிறம். வெளிச்சம் குறைந்த செம்மஞ்சளைத்தான் நம் கண் பழுப்பாகக் காண்கிறது. ஆகவே அதே மை சற்று அடர்ந்து விழுந்தால் கறுப்பின் பக்கமும், சற்று நீர்த்து விழுந்தால் ஆரஞ்சின் பக்கமும் சாய்ந்துவிடுகிறது. டம்ளரில் ஊற்றிய டிகாக்‌ஷன் நடுவில் கறுப்பாகவும் விளிம்பில் செம்மஞ்சளாகவும் தெரிவதற்கும் காரணம் இதுவே. பழுப்பு மையைத் தேர்வதில் நேரும் தவறுகளில் பல, பேனாவையும் தாளையும் ஒதுக்கிவிட்டு மையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால் வருபவை.

அவற்றுள் முதன்மையானது, திரையில் தெரியும் வண்ண மாதிரியை நம்பி வாங்குவது. அந்த மாதிரிகளைப் பெரும்பாலும் பஞ்சுக்குச்சியாலோ கண்ணாடிப் பேனாவாலோ தீட்டுகிறார்கள். பஞ்சுக்குச்சி தாளில் விடும் மையின் அளவு வேறு, ஃபைன் எனப்படும் மெல்லிய நிப் விடும் மையின் அளவு வேறு. அகலமாகத் தீட்டிய பட்டையில் அழகிய செம்பழுப்பாகத் தெரியும் மை, கையெழுத்தின் மெல்லிய கோட்டில் வெளிறிய காவியாக நிற்கக்கூடும். இதற்கு மேல், வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் கேமராவின் வெண்சமநிலை சற்றே பிசகினாலும் பழுப்பில் உள்ள சிவப்பும் பச்சையும் கூடிக் குறைந்து தெரியும். மாதிரி பார்ப்பதாயிருந்தால் தீட்டிய பட்டையை விட்டுவிட்டு, உங்களுடைய நிப்பின் அளவிலேயே எழுதப்பட்ட வரிகளைத் தேடிப் பாருங்கள்.

நிப்பை எண்ணாமல் நிறத்தை எண்ணுவது அடுத்த தவறு. ஜப்பானிய ஃபைன் நிப் அதே பெயருள்ள ஐரோப்பிய நிப்பைவிடப் பொதுவாக மெல்லிய கோடு போடும். அத்தகைய நிப்பில், தேநீர் வண்டலின் பெயரைத் தாங்கிய ஹெர்பின் நிறுவனத்தின் லீ டு தே போன்ற மஞ்சள் சாய்ந்த பழுப்பை நிரப்பினால் எழுத்தை வாசிக்கவே கண் வலிக்கும். அதே மை பிராட் எனப்படும் தடித்த நிப்பிலோ, நுனி தட்டையாக வெட்டிய ஸ்டப் நிப்பிலோ ஒவ்வோர் எழுத்திலும் வெளிறலும் அடர்வுமாக நிழல் காட்டும். 2007இல் தொடங்கிய பைலட் நிறுவனத்தின் இரோஷிசுகு வரிசையில் உள்ள யாமா-குரி, காட்டுக் கஷ்கொட்டையின் அடர்ந்த நிறம். மெல்லிய நிப்பிலும் எழுத்து தெளிவாக நிற்கும், ஆனால் மை தாராளமாக வரும் தடித்த நிப்பில் பலருக்கு அது கறுப்பாகவே தோன்றும். மெல்லிய நிப்புக்கு அடர்ந்த பழுப்பு, தடித்த நிப்புக்கு வெளிறிய பழுப்பு என்பதைத் தொடக்க விதியாகக் கொள்ளலாம். மையின் ஓட்டத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெலிக்கான் 4001 வரிசை மைகள் சற்று வறண்டு ஓடுபவை என்று பெயர் பெற்றவை. ஏற்கெனவே மையைச் சிக்கனமாக விடும் பேனாவில் அத்தகைய மையை இட்டால் பழுப்பு மேலும் வெளிறும், மையைக் கொட்டும் பேனாவிலோ அதே குணம் வரமாகும்.

பழுப்பு மை பெரும்பாலும் பல சாயங்களின் கலவை என்பதை மறந்துவிடுவதும் உண்டு. ஈரமான டிஷ்யூ தாளின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, சில சமயம் நீலம் என்று அவை பிரிந்து ஓடுவதைக் காணலாம். அந்தப் பிரிவு பேனாவுக்குள் நிகழ்வதில்லை, தாளில் ஓரளவு நிகழ்கிறது. உறிஞ்சும் தாளில் எழுத்தின் ஓரம் வேறு நிறமாகத் தெரிவது அதனால்தான். பேனாவுக்குள் நிகழ்வது வேறு. மையிலுள்ள நீர் மெல்ல ஆவியாக, சாயம் செறிந்து, இரண்டு வாரம் மூடிக் கிடந்த பேனாவின் முதல் வரிகள் கறுத்து வரும். சாயம் மிகுந்த சில மைகள் நிப்பின் மேல் உப்புப்போல் படிவதும் உண்டு. டயமைன் நிறுவனத்தின் ஏன்ஷியன்ட் காப்பர் இதற்குப் பெயர் போனது. ஈரத் துணியால் துடைத்தால் அது போய்விடும், ஆனால் பேனாவை மாதக்கணக்கில் தொடாமல் வைப்பவருக்கு அந்த மை உகந்ததல்ல.

பேனாவையே பாழாக்கும் தவறு ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓவியப் பொருள் கடையில் செபியா என்றோ வால்நட் என்றோ எழுதியிருக்கும் புட்டியை, நிறம் பிடித்ததற்காக வாங்கி ஃபவுண்டன் பேனாவில் நிரப்பக் கூடாது. வரைகலை மைகள் பலவற்றில் அரக்கு சேர்ந்திருக்கும். உலர்ந்தபின் அது நீரில் கரையாது, நிப்புக்கு அடியிலுள்ள மெல்லிய மைப்பள்ளங்களை நிரந்தரமாக அடைத்துவிடும். தொட்டு எழுதும் பேனாவுக்கென்று செய்த பழைய முறை இரும்பு மைகளும், அதாவது இரும்பு உப்பு கலந்த மைகளும், அப்படியே ஆகாதவை. ஃபவுண்டன் பேனாவுக்கென்றே செய்யப்பட்ட, கரையாத நுண்துகள்களால் நிறம் தரும் நிறமி மைகளும் இரும்பு மைகளும் வேறு வகை. பிளாட்டினம் நிறுவனத்தின் பிக்மென்ட் செபியாவும், எழுதும்போது வெளிறி, பின் மெல்லக் கறுக்கும் கிளாசிக் வரிசையின் செபியா பிளாக்கும் அவ்வகை. நீர்பட்டும் அழியாத எழுத்து வேண்டுவோர் இவற்றைத் தேர்வது சரியே, ஆனால் அடிக்கடி எழுதி, முறையாகக் கழுவுபவருக்கே இவை பொருந்தும். மினுக்குத் துகள் கலந்த பழுப்பு மைகளை மெல்லிய நிப்பிலிருந்து விலக்கி வைப்பது நல்லது.

பழைய மையை முழுவதும் கழுவாமல் பழுப்பை நிரப்பினால் அதன் உண்மை நிறம் தெரியாது. மிச்சமிருக்கும் துளி நீலமே பழுப்பைச் சேற்று நிறமாக்கப் போதும், உள்ளே தங்கிய நீரோ அதை வெளிறச் செய்யும். வேறு வேறு நிறுவனத்தின் மைகளைப் பேனாவுக்குள்ளேயே கலந்து சொந்தப் பழுப்பு தயாரிப்பது இன்னும் ஆபத்து. சேராத மைகள் திரிந்து வண்டலாகிவிடும்.

பயன்பாட்டையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நம் தேர்வுத்தாள்களில் நீலமும் கறுப்பும்தான் வழக்கம். காசோலைக்கும் அலுவலகப் படிவத்துக்கும் வெளிறிய பழுப்பு ஏற்றதல்ல. நாட்குறிப்பு, கடிதம், புத்தக ஓரக் குறிப்பு ஆகியவற்றுக்குப் பழுப்பைவிட இதமான நிறம் இல்லை என்பது என் கருத்து. கறுப்பைப்போல் தாளோடு மோதாமலே அது தெளிவாக நிற்கிறது.

எடுத்தவுடன் பெரிய புட்டி வாங்கவும் தேவையில்லை. டயமைன் மைகள் 30 மில்லி புட்டியிலும், ஹெர்பின் மைகள் பல 10 மில்லி புட்டியிலும் கிடைக்கின்றன. கண்ணாடித் துளிப்பானால் உடல் முழுக்க மை நிரப்பும் எபோனைட் (கடின ரப்பர்) பேனா வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் ஒருமுறை நிரப்பினால் பிடிக்காத நிறத்தோடும் நெடுநாள் வாழ நேரும். அதற்கு முன், கழுவி உலர்த்திய ஒரு சிறிய பேனாவில் மையை நிரப்பி, ஓர் இரவு வைத்திருந்து, வழக்கமாக எழுதும் தாளிலேயே மறுநாள் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் பகலில் சன்னல் வெளிச்சத்திலும், இரவில் நீங்கள் எழுதும் மேசை விளக்கின் கீழும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பழுப்பு சிவந்தும், வெள்ளை எல்இடியில் சாம்பல் பூத்தும் தோன்றும். எந்த வெளிச்சத்தில் அதிகம் எழுதுகிறீர்களோ அதில் பிடித்த மையையே வாங்குங்கள்.