ப்ரோகேட் 7840: எஃப்சி போர்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் டனல் வரை

மெயின் சைட்டுக்கும் டிஆர் சைட்டுக்கும் (பேரிடரில் கைகொடுக்கும் மாற்று இடம்) நடுவே ஸ்டோரேஜ் ரெப்ளிகேஷன் (தரவைத் தொடர்ந்து நகலெடுப்பது) ஓட வேண்டும் என்றால், சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் சாதாரண ஃபைபர் சேனல் (எஃப்சி) ஸ்விட்ச் ஓரளவு தூரம் வரைதான் தாங்கும். காரணம் பஃபர் கிரெடிட். எதிர்முனையில் இடம் இருப்பதற்கு அடையாளமாகக் கையில் கிரெடிட் இருந்தால்தான் அடுத்த ஃபிரேமை அனுப்ப முடியும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ நொடி ஆகிறது. ஃபிரேம் போய், பதில் திரும்பி வரும்வரை லிங்க் சும்மா நிற்காமல் இருக்க, 16 ஜிபி வேகத்தில் முழு அளவு ஃபிரேம்களுக்கே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிரெடிட் வேண்டும். 100 கிலோமீட்டர் என்றால் 800. தூரம் கூடும்போதும், கையில் இருப்பது ஐபி லிங்க் மட்டும்தான் என்கிறபோதும், ஃபிரேம்களை டிசிபிக்குள் பொதிந்து அனுப்பும் எஃப்சிஐபி முறைக்குப் போகிறோம். இப்படி இரு முனைக்கும் நடுவே அமையும் பாதைதான் டனல்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது இந்த வேலைக்கான எக்ஸ்டென்ஷன் ஸ்விட்ச், ப்ரோகேட் 7840. இதில் 16 ஜிபி எஃப்சி போர்ட் 24, 1/10 ஜிபி ஈதர்நெட் போர்ட் 16, 40 ஜிபி போர்ட் 2 உண்டு. ஐபிஎம், எச்பிஇ பெயர் போட்டு வந்த பெட்டியும் இதே வன்பொருள்தான்.

புதிதாக வருபவர்கள் பலரும் டனல் கட்டளை ஒரே வரிதானே என்று அதைத்தான் முதலில் அடிக்கிறார்கள். டனல் எழாவிட்டால் கோளாறு கேபிளிலா, ரூட்டிலா, ஃபயர்வாலிலா என்று தெரியாமல் தவிக்க வேண்டியதுதான். கீழிருந்து மேலே போங்கள். கட்டளைப் பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். சரியான எழுத்துக்கூட்டலுக்கு ஸ்விட்சில் ‘ஹெல்ப்’ அடித்தால் பட்டியல் வரும்.

படி 1: இரண்டு ஃபேப்ரிக்கையும் ஒப்பிடுங்கள்

டனல் எழுந்ததும் இரு பக்க ஃபேப்ரிக்கும் (ஒன்றோடொன்று இணைந்த எஃப்சி ஸ்விட்சுகளின் கூட்டம்) ஒன்றாகச் சேர முயலும். இதை மறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வேலை கெடும். இரு பக்கமும் ‘ஃபேப்ரிக்ஷோ’ ஓட்டி, ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் உள்ள அடையாள எண்ணான டொமைன் ஐடிகளைப் பாருங்கள். ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால் லிங்க் ‘செக்மென்டட்’ ஆகி, சேராமல் நிற்கும். எண்ணை மாற்ற ஸ்விட்சையே டிசேபிள் செய்ய வேண்டும் என்பதால், டவுன்டைம் கிடைக்கும்போதே முடித்துவிடுங்கள். அப்புறம் சோனிங் (எந்தச் சாதனம் எதோடு பேசலாம் என்ற விதி): இரு பக்கமும் ஒரே பெயரில் கான்ஃபிக் இருந்து உள்ளே இருப்பது வேறாக இருந்தால், அதுவும் மோதல்தான்.

படி 2: எஃப்சி போர்ட்

‘போர்ட்நேம்’ கொடுத்து ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிர்முனைச் சாதனத்தின் பெயரை வையுங்கள். வேகம் ஆட்டோவிலேயே இருக்கலாம். பழைய எச்பிஏ (சர்வரில் உள்ள எஃப்சி கார்டு) தடுமாறினால் மட்டும் ‘போர்ட்சிஎஃப்ஜிஸ்பீட்’ கொண்டு நிலைநிறுத்துங்கள். பயன்படுத்தாத போர்ட்டைப் பெர்சிஸ்டன்ட் டிசேபிள் செய்துவிடுங்கள். சாதாரண டிசேபிள் ரீபூட்டுக்குப் பிறகு நிற்காது.

படி 3: விஇ போர்ட்டும் டிபியும்

7840க்குள் டிபி0, டிபி1 என்று இரண்டு டேட்டா ப்ராசசர்கள். டனலின் முனைதான் விஇ போர்ட். 24 முதல் தொடங்கும் எண்கள் டிபி0க்கும், 34 முதல் தொடங்குபவை டிபி1க்கும் சொந்தம். விஇ 24 வேண்டுமானால் ஐபி முகவரியையும் டிபி0இல்தான் வைக்க வேண்டும். டிபி1இல் வைத்துவிட்டு டனல் ஏன் வரவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

பயன்படுத்தப்போகும் விஇ போர்ட்டை இரு பக்கமும் பெர்சிஸ்டன்ட் டிசேபிள் நிலையில் வைத்துவிட்டுத் தொடருங்கள். எல்லாம் முடியும்வரை ஃபேப்ரிக்குகள் சேராமல் இருப்பதற்கு இதுதான் காப்பு.

படி 4: ஈதர்நெட், ஐபி, ரூட்

ஜிஇ2 முதல் ஜிஇ17 வரை 1/10 ஜிபி போர்ட்டுகள். ஜிஇ0, ஜிஇ1 இரண்டும் 40 ஜிபி. 1 ஜிபி எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் சின்ன மாட்யூல்) போட்டால், ‘போர்ட்சிஎஃப்ஜிஜிஇ’ கட்டளையில் வேகத்தை நீங்களே 1ஜி என்று சொல்ல வேண்டும். தானாகக் கண்டுபிடிக்காது.

அடுத்து, ஐபி முகவரி வைக்கும் கட்டளை ‘போர்ட்சிஎஃப்ஜி ஐபிஇஃப்’. நம் உதாரணத்தில் உள்ளூர்ப் பக்கம் ஜிஇ2.டிபி0க்கு 10.1.1.10/24, எதிர்ப்பக்கம் 10.2.2.10/24, இரண்டிலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1500. சப்நெட் வேறு என்பதால் ‘போர்ட்சிஎஃப்ஜி ஐபிரூட்’ மூலம் 10.2.2.0/24க்குக் கேட்வே 10.1.1.1 என்று சேருங்கள். எதிர்ப்பக்கத்திலும் திரும்பி வரும் ரூட் வேண்டும்.

படி 5: தடத்தைச் சோதியுங்கள்

‘போர்ட்கமாண்ட் பிங்’ கொண்டு இந்த ஐபியிலிருந்து அந்த ஐபிக்கு பிங் செய்யுங்கள். மேனேஜ்மென்ட் போர்ட்டிலிருந்து செய்யும் சாதாரண பிங் இங்கே எதையும் நிரூபிக்காது. அது வேறு வழியில் போகிறது. பிங் வந்ததும் நிறுத்தாமல் ‘பாத் எம்டியு’ சோதனையையும் ஓட்டுங்கள். சின்ன பாக்கெட் கடந்து பெரிய பாக்கெட் நடுவில் விழுந்தால், டனல் எழும், ரெப்ளிகேஷன் மட்டும் திணறும். ஜம்போ ஃபிரேம் (1500ஐவிடப் பெரிய எம்டியு) ஆசை இருந்தால், வழியில் உள்ள ஒவ்வொரு சாதனமும் அதைத் தாங்குமா என்று நெட்வொர்க் டீமிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஃபயர்வாலில் டிசிபி 3225, 3226 இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

படி 6: டனல்

‘போர்ட்சிஎஃப்ஜி எஃப்சிஐபிடனல் 24 கிரியேட்’ என்று தொடங்கி லோக்கல் ஐபி, ரிமோட் ஐபி, குறைந்தபட்ச வேகம், அதிகபட்ச வேகம் கொடுங்கள். வேகத்தின் அலகு கிலோபிட். 1 ஜிபிபிஎஸ் என்பதற்கு 1000000. லிங்க் உங்களுக்கே தனியாக என்றால் இரண்டு வேகமும் ஒன்றாக இருக்கட்டும். பிறரோடு பகிர்ந்தால் குறைந்தபட்சத்தை உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் அளவுக்கும், அதிகபட்சத்தை மற்றவர்கள் ஓய்ந்திருக்கும்போது எடுக்கக்கூடிய அளவுக்கும் வையுங்கள். நடுவில் ஸ்விட்சே ஏற்றி இறக்கிக்கொள்ளும்.

கம்ப்ரெஷன் (தரவைச் சுருக்குவது), ஐபிசெக் (மறையாக்கம்), ஃபாஸ்ட்ரைட் (தூரத்தால் எழுதுவதில் வரும் தாமதத்தைக் குறைப்பது) எல்லாம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் முறை இவை இல்லாமலே எழுப்பி, பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்; சேர்க்கும்போது டனல் சற்று விழுந்து எழலாம் என்பதால் ரெப்ளிகேஷன் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். இரண்டாவது ஐபி லிங்க் இருந்தால் அதே டனலில் இன்னொரு சர்க்யூட்டாக (டனலுக்குள் ஓர் ஐபி இணைப்பு) சேர்த்தால் போதும்.

படி 7: திறப்பது

இரு பக்கமும் விஇ 24ஐப் பெர்சிஸ்டன்ட் எனேபிள் செய்யுங்கள். ‘போர்ட்ஷோ எஃப்சிஐபிடனல்’ காட்டும் நிலை ‘அப்’ என்றும், ‘ஸ்விட்ச்ஷோ’வில் விஇ போர்ட் ஆன்லைன் என்றும், ‘ஃபேப்ரிக்ஷோ’வில் எதிர்ப்பக்க டொமைனும் தெரிந்தால் சரி. பிறகு லோடு கொடுத்து, ரீட்ரான்ஸ்மிட் (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்புவது) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அதிகபட்ச வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்ததும் நின்றுவிட்டால், லிங்க் தரும் அளவைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் நிலைத்தபின் இரு ஸ்விட்சிலும் ‘கான்ஃபிக் அப்லோட்’ எடுத்து வெளியே ஒரு சர்வரில் வையுங்கள்.