ஸ்காபரோவிலிருந்து ஒட்டாவாவுக்கு ரயிலில் போய் ஐஸ் சிற்பம் பார்த்து வருவது எப்படி?

பெப்ரவரி வந்தால் போதும், எங்கள் வீட்டில் "இந்த முறை ஒட்டாவா போவமா" என்ற கதை தொடங்கும். 401 நெடுஞ்சாலையில் ஸ்னோ கொட்டுகிற படத்தை யாராவது காட்டியதும் அந்தக் கதை அப்படியே படுத்துவிடும். ரயிலில் போகலாமே என்பது மண்டையில் ஏற எனக்கு ஏழு வருடம் பிடித்தது. இப்போது மூன்று தடவை போய் வந்தாயிற்று. புதிதாகப் போகிறவர்களுக்காக, நான் விட்ட பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: நாள் பார்ப்பது

ஐஸ் சிற்பம் வைக்கிற விண்டர்லூட், ஒட்டாவாவின் குளிர்கால விழா, 1979இலிருந்து நடக்கிறது, பார்க்கக் காசு இல்லை. ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ ஆரம்பித்து, வழக்கமாகப் பெப்ரவரி நடுவில் வரும் குடும்ப தின விடுமுறையின் நீண்ட வார இறுதியோடு முடியும். எல்லோருக்கும் லீவு என்று அந்தக் கடைசி வார இறுதிக்குப் போகாதீர்கள். ஐஸ் சிற்பத்துக்கு வெயில்தான் சனியன். இரண்டு நாள் வெயில் சுள்ளென்று அடித்தால் முதலில் மூக்கும் விரலும் போகும், பிறகு கண்ணாடி மாதிரி இருந்த உடம்பு பால் நிறமாகிவிடும். முதல் வார இறுதிக்குப் போனால் செதுக்குகிற ஆட்களையும் வேலை நேரத்திலேயே பார்க்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, ஒரு இரவாவது தங்குங்கள். விடிய வெளிக்கிட்டு அன்றிரவே திரும்புவது முடியாத காரியம் இல்லை, ஆனால் பாதிதான் பார்ப்பீர்கள். ஏன் என்று படி 5இல் சொல்கிறேன்.

படி 2: ரிக்கெற்

கனடாவின் பயணிகள் ரயிலான வியா ரயில்தான். ரொறன்ரோ நகர்மையத்து யூனியன் ஸ்டேசனிலிருந்து ஏறக்குறைய நாலரை மணி நேரம். ஸ்காபரோக்காரர் யூனியன் வரை போய் அலையத் தேவையில்லை, ஸ்காபரோவிலேயே உள்ள கில்ட்வுட் ஸ்டேசனில் சில ரயில்கள் நிற்கும். எல்லாம் நிற்காது, அதனால் வாங்கும்போதே புறப்படும் இடத்தில் கில்ட்வுட் என்று போட்டுத் தேடுங்கள். விலை நாள் நெருங்க நெருங்க ஏறும், நாள் முடிவானால் அன்றே வாங்கிவிடுங்கள். முடிந்தால் தெற்குப் பக்கத்து ஜன்னல் எடுங்கள், போர்ட் ஹோப், கோபர்க் பக்கம் ஒன்ராறியோ ஏரி ஓரத்தில் உறைந்தும் நடுவில் கருநீலமாகவும் தெரியும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மட்டன் ரோல்ஸ் என்றால் மூடி திறந்ததும் பெட்டி முழுக்க மணக்கும், அது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

படி 3: உடுப்பு

ஒட்டாவாக் குளிர் ரொறன்ரோக் குளிர் இல்லை. இரவில் மைனஸ் 20 வந்தாலும் அங்கே ஆரும் அதைப் பெரிய கதையாக எடுப்பதில்லை. உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம், நடந்து வியர்த்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் உடம்பு வெடவெடக்கும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, அதன்மேல் தடித்த சுவெற்றர், அதற்கும் மேலே காற்றை மறிக்கிற கோட். இரண்டு சோடி மேசு போட்டுச் சப்பாத்தை இறுக்கக் கட்டுகிற புத்திசாலித்தனத்தை முதல் தடவை நானும் செய்தேன், இரத்தம் ஓடாமல் கால்விரல்தான் முதலில் விறைத்தது. தடித்த மேசு ஒன்று, உள்ளே விரல் அசைய இடம் உள்ள சப்பாத்து, அவ்வளவுதான். போனைக் கோட்டின் உள்பொக்கற்றில் வையுங்கள், வெளியே வைத்தால் பற்றரி பாதி இருக்கும்போதே போன் அணைந்துவிடும்.

படி 4: இறங்குவது

"ஃபாலோஃபீல்ட்" என்று அறிவிப்பார்கள். அதுவும் ஒட்டாவாதான், ஆனால் ஊருக்கு வெளியே. நான் அவசரப்பட்டு அங்கே இறங்கி, பஸ்ஸுக்கு நின்று நின்று போனேன். அடுத்ததுதான் உங்கள் ஸ்டேசன். அதற்கு வெளியே வந்து சிறு நடை நடந்தால் ட்ரெம்பிளே நிறுத்தம், அங்கே ஓ-ட்ரெயின் என்கிற நகர ரயிலை எடுத்து நகர்மையப் பக்கம் போகவேண்டும். கடன் அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும். பார்லிமென்ட் நிறுத்தத்தில் இறங்கி, மேலே ஏறி வெளியே வந்தால் ஸ்பார்க்ஸ் தெரு பக்கத்திலேயே, அண்மை வருடங்களில் ஐஸ் சிற்பங்கள் இருப்பது அங்கேதான். சறுக்குமரத்தோடு ஸ்னோ சிற்பங்கள் ஆற்றுக்கு அக்கரையில், கியூபெக் பக்கம், ஜாக் கார்த்தியே பூங்காவில் இருக்கும். பிள்ளைகள் இருந்தால் அங்கேயிருந்து அவர்களைக் கிளப்புவது உங்கள் பாடு.

படி 5: பார்ப்பது

பகலில் முதலில் ஐஸையே பாருங்கள். வீட்டு ஃப்ரீசரில் வைத்த ஐஸ் ஏன் நடுவில் வெள்ளையாகிறது? எல்லாப் பக்கமும் ஒரேயடியாக உறைந்து, காற்றுக் குமிழி நடுவில் மாட்டிக்கொள்வதால். சிற்பத்துக்கான கட்டியை அடியிலிருந்து மேலே உறைய வைப்பார்கள், மேல் தண்ணீரைச் சிறு பம்ப் ஒன்று கலக்கிக்கொண்டே இருக்கும், குமிழியும் அழுக்கும் மேலே தங்கிவிடும். அப்படிக் கண்ணாடியாக வருகிற ஒரு கட்டி ஏறக்குறைய 136 கிலோ. செயின் வாளால் அறுத்து, உளியால் இழைத்து எடுப்பார்கள். இரண்டு துண்டை ஒட்டுவதற்குப் பசை ஒன்றும் இல்லை. சூடான அலுமினியத் தகட்டை வைத்து இரண்டு முகத்தையும் மட்டமாக உருக்கி, சேர்த்துப் பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள், குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிட்டப் போய் ஒரு சிறகின் அடியில் அந்த ஒட்டைத் தேடிப் பாருங்கள், மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் உண்டு.

பிறகு இருட்டியதும் அதே இடத்துக்கு வாருங்கள். பகலில் பின்னாலிருக்கிற கடைப் பலகையெல்லாம் ஊடுருவித் தெரிந்து குழம்பிக் கிடந்த உருவம், விளக்குப் போட்டதும் தனியாக எழுந்து நிற்கும், செதில் செதிலாக வெட்டின ஆழமெல்லாம் அப்போதுதான் பிடிபடும். படமும் அப்போதே எடுங்கள்.

படி 6: நேரம் மிஞ்சினால்

ரீடோ கால்வாய் உறைந்திருந்தால் 7.8 கிலோமீட்டருக்கு ஸ்கேட்டிங். பச்சைக் கொடி என்றால் போகலாம், சிவப்பு என்றால் இல்லை. 2023இல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, அதனால் இதை நம்பிப் பயணம் போடாதீர்கள். பீவர்ரெயில் கட்டாயம், மாவை வால்போலத் தட்டையாக இழுத்துப் பொரித்துக் கறுவாவும் சீனியும் தூவித் தருவார்கள், சூட்டோடு தின்னவேண்டும்.

திரும்பும் ரயிலில் இருட்டிவிடும், எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். கில்ட்வுட்டுக்கு ஏற்ற வருகிறவருக்கு ஓஷவா தாண்டியதும் அழையுங்கள். முன்கூட்டியே வரச் சொல்லி, ரயிலும் பிந்தினால், அவர் காருக்குள் இருந்து விறைத்த கதையை வீடு வரைக்கும் கேட்கவேண்டி வரும்.